முளைக்காத பல்

பல் மருத்துவம் படிக்க வந்தால் முதல் நாளே நோயாளியைக் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆளுக்கொரு நீல மெழுகுக் கட்டியையும் சின்னக் கத்தியையும் கொடுத்து, "செதுக்குங்க" என்றார் மேடம்.

"டாக்டராகலாம்னு வந்தா சிற்பியாக்கப் பாக்கறாங்கடி" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. வாய் ஓயாது அவளுக்கு. லொடலொடா என்று அன்றே பெயர் வைத்துவிட்டோம்.

காலையில் உடற்கூறு, அடுத்து உடலியக்கம், அதன்பின் உயிர்வேதியியல். மதியம் முழுக்க அந்தப் பழைய கட்டடத்தின் மாடி லேபில் மெழுகு. உருகிய மெழுகும் கிராம்பு எண்ணெயும் கலந்த வாடை தலைமுடியில்கூட ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு பல். மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அது கணக்கில் சேரும். ஒன்று குறைந்தாலும் வருடத் தேர்வு எழுத முடியாது. "முடியலைன்னா கூச்சப்படாம வந்துடும்மா, அத்தை கடையில உக்காந்துக்கலாம்" என்று அப்பா அன்பாகத்தான் சொல்லி அனுப்பினார். அந்த அன்புக்குப் பயந்தே ஒரு பல்லையும் தவறவிடக் கூடாது என்றிருந்தேன்.

எனக்கு இடம் வலம் உதைத்தது. எதிரே வாய் திறந்திருப்பவரின் வலது பக்கம் நமக்கு இடது பக்கம். வலது கடைவாய்ப்பல் கேட்டால் இடது பல்லைச் செதுக்கி வைப்பேன். மேடம் திருப்பிப் பார்ப்பார். உருக்கும் சட்டிக்குள் போடுவார். ஒரு மதியத்து உழைப்பு கொழகொழவென்று கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி ஒரு நாள், எல்லோரும் போனபின் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பினேன்.

பாதியில் விட்ட பல் முடிந்திருந்தது.

பக்கம் சரி. வேர்கூடச் சரி.

"நீயாடி செஞ்ச?" என்று மறுநாள் லொடலொடாவைக் கேட்டேன்.

"என் பல்லே பல்லிளிக்குது, இதுல உனக்கு வேறயா?"

மேடத்திடமும் ஒளிக்காமல் சொன்னேன். "மேடம், இது நான் செதுக்கலை." அவர் முதல்முறையாகச் சிரித்தார். "தன்னடக்கம் போதும்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். படிப்புச் சுமையில் கண் செருகி மேஜையில் தலை சாய்த்தால் போதும், காதோரம் கேட்கும்.

சரக்... சரக்...

நிமிர்ந்தால் நின்றுவிடும். கிராம்பு வாடை மட்டும் கன்னத்தருகே, யாரோ மூச்சு விடுவதுபோல் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஒரு மதியம் அப்படி விழித்தபோது தாடை விண்ணென்று வலித்தது. வெகுநேரம் யாரோ வாயைத் திறந்தே பிடித்திருந்ததுபோல. நாக்கில் ஏதோ உறுத்தியது. துப்பினேன்.

நீல மெழுகுத் துருவல்.

அன்று வைத்த கோரைப்பல்லை மேடம் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "புத்தகத்துல முனை இப்படி உடைஞ்சிருக்காதே. யார் வாயைப் பாத்து செஞ்ச?"

நான் நாக்கால் என் கோரைப்பல்லைத் தடவினேன். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த முனை. அதே சரிவு.

கடைசிப் பல், கீழ் ஞானப் பல். எனக்கு அது இன்னும் முளைக்கவே இல்லை. அப்பாடா, இல்லாததைப் பார்த்து எப்படிச் செதுக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் மேஜையில் இருந்தது. வேர் தூண்டில் முள்ளைப்போல வளைந்திருந்தது.

கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். அங்கிருந்த சீனியர் அக்கா படம் எடுத்து, மெழுகுப் பல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்திலும் அதே தூண்டில் வளைவு.

"எலும்புக்குள்ள இருக்கிறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

தேர்வு போனாலும் போகட்டும் என்று அந்தப் பல்லை நானே சட்டியில் போட்டேன். புதுக் கட்டி எடுத்தேன். "நான் முடிக்கிறவரைக்கும் எங்கயும் போகாதே, பேசிக்கிட்டே இரு" என்றேன் லொடலொடாவிடம். அவளுக்குச் சொல்லவா வேண்டும். மாமாவின் குறட்டையில் ஆரம்பித்து விடுதி வார்டனின் விக் வரை அவள் பேச, நான் செதுக்கினேன். கண் அசரவில்லை. வெட்டு கோணலாக விழுந்தது, ஆனால் என் கை.

மேடம் முகம் சுளித்தார். "அழுகின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. ஆனா பக்கம் சரி." கையெழுத்து விழுந்தது.

வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். "பரீட்சை எழுதறேன்ப்பா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று மேஜைக்குத் திரும்பினேன்.

நீல மெழுகில் ஒன்று இருந்தது. பல் இல்லை.

லாடம்போல வளைந்த மெல்லிய எலும்பு. நாக்குக்கு அடியில், தொண்டையில் இருப்பது; கழுத்தை நெரித்தால் முறிவது. அன்று காலைதான் உடற்கூறு வகுப்பில் அதைத் தொடங்கியிருந்தார்கள். எங்களோடு சேர்ந்து அதுவும் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தது.

"அய்யோ, ஒரு பக்கம் உடைஞ்சிருச்சேடி" என்றாள் லொடலொடா, எட்டிப் பார்த்து.

உடையவில்லை. குனிந்து பார்த்தேன். அந்த முறிவின் உள்ளேயும் கத்தியின் தடம் பொறுமையாக ஓடியிருந்தது.

தொண்டையில் கை வைத்து எச்சில் விழுங்கினேன். எலும்பு முழுசாக ஏறி இறங்கியது.

அது இதுவரை எதையுமே தப்பாகச் செதுக்கியதில்லை.