டெல்ஃபீனா வீட்டுக் கட்டில்

நவம்பர் முதல் தேதி சாயங்காலம், பனிமூட்டம் திராட்சைச் சரிவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே மேலேறி வந்திருந்தது. விரல் விறைக்கிற அந்தக் குளிரில் டெல்ஃபீனா வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் ஆவென்று திறந்து கிடந்தன.

ஒர்னெல்லா அதைக் கவனித்தாள். கவனிக்காமல் இருப்பாளா? டூரின் நகரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் யார் வீட்டு மிதியடி ஒரு சாண் நகர்ந்தாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் கணவன் துல்லியோவிடம் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

சும்மாவா தேர்ந்தெடுத்தாள்? ஊரே தூங்கிய பிறகும் வீடு தேடும் அவள் போன் வெளிச்சம் மட்டும் அணையவில்லை. அஸ்தி என்ற ஊர்ப் பக்கத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு, படிகள் அதிகம். ஒரு மலைக்கோட்டைக்குக் கீழே இன்னொன்று, ரோட்டுச் சத்தம். வசந்தத்தில்தான் துல்லியோவின் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். படியும் ஆகாது, தூக்கம் கெடவும் ஆகாது. கடைசியில் அகப்பட்டது லாங்கே குன்றுகளில் இந்தப் பண்ணை வீடு. தரைத்தள அறை, வீட்டு ஒயின், வெள்ளைக் காளான் சமையல். இரண்டாம் தேதியிலிருந்துதான் அறை என்று வீட்டுக்காரி டெல்ஃபீனா பதில் போட்டிருந்தாள். முன்னாலேயே போய் நின்றால் துரத்தவா போகிறாள் என்பது ஒர்னெல்லாவின் கணக்கு.

நாத்தனார் இவானா மட்டும் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "உன் ஊர்சுத்துற ஆசையில என் தம்பியக் கொன்னுடாதடி." அன்றிலிருந்து ஒர்னெல்லாவுக்கு ஒரே வைராக்கியம்: துல்லியோவைக் கன்னம் சிவக்கத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாய்க்கு எதிரே நிறுத்த வேண்டும்.

டெல்ஃபீனா கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றாள். கல்லறைக்குக் கொண்டுபோகும் சாமந்தித் தொட்டிகளோடு அவள் வீட்டார் வேனில் காத்திருந்தார்கள்.

"நாளைக்குத்தானேம்மா வரச் சொன்னேன்?"

"இந்தப் பனியில எங்க போறது? சாவியெல்லாம் ஆணியில தொங்குதே. அறை காலியாத்தானே இருக்கு?"

"காலி இல்ல. இன்னிக்கு எங்க செத்தவங்க வீட்டுக்கு வர்ற ராத்திரி. அவங்க வந்து போக ஜன்னலத் திறந்து, கட்டில் எல்லாம் விரிச்சு வச்சிருக்கு. நாங்களே சமையல்கட்டு பெஞ்சுலதான் படுப்போம்."

ஒர்னெல்லா சிரித்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டிலும் இந்த ராத்திரி செத்தவர்களுக்கென்று மேஜையில் கஷ்கொட்டை வைப்பதுண்டு. விடிந்ததும் அவள் அப்பாவே அதைத் தின்று தீர்ப்பார். இப்போதோ, விருந்தாளிக்கு அறை விடுகிறவர்கள் எல்லாம் இப்படி ஒரு பழைய வழக்கத்தைத் தூசி தட்டி வைத்துக்கொள்கிறார்கள், சுவரில் மாட்டிய ஓட்டைக் கலப்பையைப் போல.

"பிரமாதமா நடிக்கிறீங்க போங்க. ஆனா, நெஞ்சு ஆபரேஷன் ஆன மனுஷன குளிர்ல நிக்க வச்சாங்கன்னு நான் நெட்ல எழுதினா, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

டெல்ஃபீனா துல்லியோவைப் பார்த்தாள். காரில் சாய்ந்து நின்ற அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எழுதிடாதீங்க. ஓரமாப் படுங்க, நடுவுல அவங்களுக்கு இடம் இருக்கட்டும்."

"என் பொண்டாட்டி எனக்கே இடம் விடமாட்டா தாயி," என்றான் துல்லியோ. "செத்தவங்களுக்கா விடப்போறா?"

டெல்ஃபீனாவும் ஏறிக்கொள்ள, வேன் போய்விட்டது.

அறையில் மெழுகு வாசனையும், கீழே நிலவறையில் நுரைத்துப் பொங்கும் புது ஒயினின் புளிப்பும், அதற்கெல்லாம் அடியில், தோண்டிப் போட்ட ஈர மண்ணின் வாடையும் கலந்து கிடந்தன. கட்டில் அகலமென்றால் அப்படி ஓர் அகலம்; அதன் மேல் சுருக்கமே இல்லாத வெள்ளைத் துப்பட்டி, இரண்டு பக்கமும் மடித்து விடப்பட்டு, யாரோ நுழைந்து படுத்துக்கொள்ளத் தோதாகத் திறந்திருந்தது. ஒர்னெல்லா முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குளிர் நெஞ்சுக்கு ஆகாது.

சாப்பாட்டு நேரம்வரை கொஞ்சம் கண்ணயரலாம் என்று விளக்கை அணைத்துப் படுத்தார்கள். தூரத்துக் கோயில் மணி இழவு மணியாக, ஒன்று அடித்து, வெகுநேரம் யோசித்து, அடுத்ததை அடித்தது.

"ஒர்னெல்லா, தள்ளிப் படேன்."

"நான் ஓரத்துலதான் இருக்கேன். இன்னும் தள்ளினா தரைதான்."

"அப்ப இது யார் முழங்கால்?"

வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தாள். அப்போது அவர்களுக்கு நடுவே மெத்தை அமுங்கியது, வெகுதூரம் நடந்து களைத்த ஒருவர் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, கால்களை மெல்லத் தூக்கி மேலே வைத்துக்கொள்வதைப் போல. பிறகு இன்னொரு முறை. அதற்கப்புறமும். துப்பட்டி அவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டுப் போயிற்று.

"ஒர்னெல்லா." அவன் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது. "எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு. கிளம்பிடலாமா?"

கிளம்பலாம். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே இவானாவின் முகமும் வந்தது. முதல் நாளே மூட்டை கட்டினாயா என்று கேட்கும் அந்த உதடு. ஒர்னெல்லா வார்த்தையை விழுங்கினாள்.

"குழந்தை மாதிரி பண்ணாத. தூங்கு."

மணி நின்றது.

"என்னப் பிடி." நீளமான ஒரு தெருவின் முனையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டது. "பிடிடி."

கையை நீட்டினாள்.

ஒரு நெற்றி. சில்லென்று. நரநரவென்று மண்.

அடுத்து ஒரு மீசை. விறைத்தது.

அடுத்து சின்னத் தலை. ரிப்பன்.

அடுத்து. அடுத்து. எல்லாரும் மல்லாந்து. எல்லாரும் மரியாதையாக. உடம்பை இழுத்து, இன்னும் எட்டி, தோள் கழலும்படி நீட்டினாள். கடைசியில் சட்டைத் துணி. அதற்கடியில் தையல் வரப்பு. சூடு. தடக் தடக்கென்று அடித்துக்கொண்டது.

பிடித்திருக்கலாம்.

அவள் புறங்கையில் ஐந்து குளிர்ந்த விரல்கள் வந்து படிந்தன.

ஒர்னெல்லா கையை இழுத்துக்கொண்டாள்.

தலைமாட்டில் போன் ஒளிர்ந்தது. இவானா. நீல வெளிச்சம் தலையணைகளின் மேல் வழிந்து ஓடியது. வரிசையாக முகங்கள், அத்தனையும் கண் மூடியவை. அந்தக் கோடியில் துல்லியோ. அவன் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவளையே பார்த்தன. ஒரு சின்னக் கை மண் விரல்களால் அந்த இமைகளைப் பதமாக இழுத்து மூடியது.

கண் திறந்தது.

கை மறுபடி மூடியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கண் திறந்தது. கை, கொஞ்சமும் அலுக்காமல், மறுபடி மூடியது.