கப்பலில் எட்டுப் பொம்மைகள்

கப்பலில் கட்டி நிறுத்திய எட்டுப் பொம்மைகளில் ஒன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

தனசேகரன் கணினித் திரையருகே குனிந்தார். பிற்பகல் மூன்று மணி. ஆரணியில் அவருடைய பட்டுக்கடையின் பின்னறையில் சாய நூலின் புளித்த வாடை, பக்கத்து வீட்டு விசைத்தறியின் ஓயாத தடதடப்பு, சுவரில் சுற்றும் மின்விசிறி நிழல், இவற்றுக்கு நடுவே ஏடன் வளைகுடாவில் போய்க்கொண்டிருந்த தன் பழைய சரக்குக் கப்பலைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார். மெரினாவில் முழங்கால் வரை நனைந்ததுதான் அவருக்கும் கடலுக்கும் இருந்த பழக்கம். அவர்தான் கப்பல் முதலாளி.

கொள்ளையர் பயத்துக்குத் துப்பாக்கிக் காவலரை வைக்கச் சொன்னார்கள். கூலியைக் கேட்டதும் முள்கம்பியும் சீருடைப் பொம்மைகளும் போதுமென்று முடிவு செய்தார். தூரத்திலிருந்து ஆள் மாதிரித் தெரியுமாம். பட்டுக் கழிவை அடைத்துச் செய்தாயிற்று. பாரதக் கூத்துக்குத் துரியோதனன் உருவம் செய்யும் அருணகிரி கண் எழுதி, ஒவ்வொன்றின் கண்ணையும் துணியால் கட்டிவிட்டார். அவிழ்க்கும்போது முதலில் கண்ணாடியைக் காட்டணும், ஆள் முகத்தைப் பார்த்தால் அந்த ஆளை விடாது என்றார். கப்பலில் அதிகாரியாக இருக்கும் மைத்துனன் ஜெயக்குமாரிடம் இதைப் போய்ச் சொல்ல தனசேகரனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் துணிகளை அவிழ்த்து, எட்டோடும் நின்று சிரித்துப் படம் அனுப்பியிருந்தான்.

முதுகு காட்டி நின்றதைக் காற்று திருப்பியிருக்கும்.

தொலைபேசி அடித்தது. ஜெயக்குமார்தான். படகு ஒன்று துரத்துகிறது, பத்தொன்பது பேரும் பாதுகாப்பு அறைக்குள் போய் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டோம், உள்ளேயிருந்து எதுவும் தெரியாது என்றான்.

"மாமா, நீங்க பாத்துகினே இருங்க. நீங்க சொன்னாத்தான் தொறப்போம்."

ஐந்து பேர் ஏறினார்கள். வெறுங்கால். ஒருவன் துப்பாக்கி முனையால் ஒரு பொம்மையின் முகத்தைத் திருப்பினான். நின்றான். ஐவரும் நின்றார்கள். பிறகு துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு, முள்கம்பி சட்டையைக் கிழிக்க, வந்த படகையும் விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாகக் கடலில் குதித்தார்கள்.

தனசேகரனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காபியோடு வந்த மனைவி அமலா, தம்பிக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டாள். தலையாட்டினார்.

"தொறப்பா. ஓடிட்டானுங்க."

அவன் இணைப்பைத் துண்டித்தான்.

அப்புறம்தான் பொம்மைகளைக் கட்டியிருந்த கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார். கயிறுகள் மட்டும் தொங்கின. முடிச்சு ஒன்றும் அவிழவில்லை.

அடுத்த கேமரா. சமையலறை. காலி. அடுத்தது. ஏணி. காலி.

கீழ்த்தளத்து நடை.

இரும்புக் கதவின் முன்னால், தோளோடு தோள் ஒட்டி, எட்டும்.

ஜெயக்குமாரின் எண்ணை அழுத்தினார். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"யாருங்க அது, கதவாண்ட நின்னுகினு?" என்றாள் அமலா.

கதவின் சக்கரம் சுற்றியது.

இடுக்கில் ஜெயக்குமாரின் முகம். வேர்வை. நிம்மதி.

தொட்டில் குழந்தையைப் பார்க்க வந்தவர்களைப் போல எட்டுத் தலைகளும் மெல்லக் குனிந்தன.