முழங்காலுக்குக் கீழே ஜன்னல்

அந்த நூலகத்திலிருந்து தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் முழங்காலுக்குக் கீழே இருந்தன. கட்டும்போது வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்களாம். நல்லவேளை, வாசலை மட்டும் யாரோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

சுண்டெலிக்கு அது ஒரு குறையே இல்லை. ஒன்பது வயதான அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவள் அண்ணன். மூன்றாவது ஜன்னலோரம் தரையில் சம்மணம் போட்டால் வெளிச்சம் நேராகப் புத்தகத்தில் விழும். வீட்டில் படிக்க வழியில்லை. அண்ணன் டிரம் பழகுகிறான்.

அன்று நகராட்சி இன்ஜினியர் ஒரு கொத்தனாரோடும் ஒரு வண்டி செங்கல்லோடும் வந்து இறங்கினார். ஜன்னல்களை அடைத்துவிட்டு மேலே விளக்கு போடப்போவதாகச் சொன்னார். நூலகர் அக்கா கெஞ்சிப் பார்த்தார். இன்ஜினியர் மசியவில்லை. செருப்புக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டார். கொத்தனார் சிரித்தார். இன்ஜினியர் எது சொன்னாலும் அவர் சிரிப்பார்.

சுண்டெலிக்கு அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். பிறகு, நூலகம் உருவான கதையை அந்தக் காலத்தில் யாரோ எழுதி வைத்திருந்த பழைய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள்.

“அடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க சார். ரெண்டு பக்கம்தான்.”

எழுத்து மங்கியிருந்தது. இன்ஜினியர் கண்ணைச் சுருக்கினார். வெளிச்சத்தைத் தேடிக் குனிந்தார். போதவில்லை. மண்டியிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது.

“உட்கார்ந்துடுங்க சார்,” என்றாள் சுண்டெலி.

உட்கார்ந்தார்.

நோட்டில் இப்படி இருந்தது: நூலகத் திறப்பு விழாவுக்கு வந்த நகர்மன்றத் தலைவர் ஜன்னல்களைப் பார்த்துக் கொதித்துப்போனாராம். உடனே இடிக்கச் சொன்னாராம். ஆட்கள் வரும்வரை பொழுது போகாமல் தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் புரட்டினாராம். ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது, சத்தம் போடாமல் திரும்பிப் போகச் சொல்லிவிட்டாராம்.

இன்ஜினியர் பக்கத்தைத் திருப்பினார். கால்கள் தாமாக நீண்டன.

“குழைச்ச சாந்து இறுகிடும் சார்,” என்றார் கொத்தனார்.

“சும்மா இருய்யா. படிக்கிறேன்ல.”

கொத்தனார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாலு செங்கல்லை அடுக்கி, அடுத்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு படக்கதையைப் பிரித்தார். இந்த முறை அவர் சிரித்தது இன்ஜினியருக்காக இல்லை.

நோட்டை முடித்த இன்ஜினியர் கைக்கு எட்டிய ஒரு புத்தகத்தை எடுத்தார். பூட்டும் நேரமாகி நூலகர் அக்கா சாவிக்கொத்தை ஆட்டிய பிறகுதான் இருவரும் நிமிர்ந்தார்கள். இன்ஜினியர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுண்டெலி எட்டிப் பார்த்தாள்.

‘ஜன்னல்கள் சரியான உயரத்தில் உள்ளன. தலையணை இரண்டு தேவை.’

இன்ஜினியர் அவளை ஒரு முறை பார்த்தார். இரண்டை அடித்துவிட்டு, மூன்று என்று திருத்தினார்.