பிரேக் மேல் இருந்த கால்

தியாகுவின் உயிருக்கு அன்றைக்கு விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். அதையும் வெங்கடராமன் சார் பேரம் பேசி ஆயிரத்து ஐம்பதுக்கு இறக்கினார். கொசுறாக, வண்டியில் ஒரு கீறல் விழப்படாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது எனக்கு அது வண்டி இழுக்கிற கூலி, அவ்வளவுதான். மோண்டா மார்க்கெட் மிளகாய் மண்டியில் வளர்ந்தவன் நான். பேரம் படிந்துவிட்டால் மேலே யோசிக்க மாட்டேன்.

2007, மே மாதம். மாரெட்பள்ளியில் நாலு மாடி அபார்ட்மென்ட். கீழே, தரைக்கு அடியில், செல்லார் பார்க்கிங். அங்கே ஒரு மூலையில் வெள்ளைக் கார் ஒன்று தூசி படிந்து கிடந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது யாருடைய வண்டி என்று நான் கேட்கவில்லை. வெங்கடராமன் சாரே சொன்னார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. அவர் மகன் மாதவ் ஹைடெக் சிட்டியில் ராத்திரி ஷிப்ட் வேலை பார்த்தவன். போன கோடையில் ஒரு காலை வீடு திரும்பியபோது கரண்ட் இல்லை. வண்டியிலேயே ஏசி போட்டுக்கொண்டு கொஞ்சம் தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கீழே போயிருக்கிறான். மூடிய செல்லாரில் புகை உள்ளே ஏறியிருக்கிறது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது.

அந்த அம்மா, பட்டு மாமி, வாசலில் நின்றிருந்தார். வண்டியைக் கொண்டுபோக வேண்டாம் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை.

செல்லாருக்குள் என் லாரி நுழையாது, மேல்தளம் தாழ்வு. அதனால் லாரியைத் தெருவில் நிறுத்தி, இரும்புக் கயிற்றைச் சரிவில் இறக்கி, காரை மேலே இழுப்பதாக ஏற்பாடு. கயிற்றை பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும். அடியில் அதற்கென்று இருக்கிற வளையத்தில் மாட்டினேன். கயிறு அறுந்தால் சாட்டைபோல வந்து ஆளை வெட்டும் என்பதால் நனைத்த கோணியை அதன்மேல் போட்டேன். ஸ்டியரிங் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். என் மனைவியின் தம்பி தியாகு ஏறினான். கியரை நியூட்ரலில் போட்டான், ஹேண்ட்பிரேக்கை இறக்கினான், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை ஒரு திருப்புத் திருப்பினான்.

சரிவு குறுகல். கண்ணாடிகளை மடக்கியும் இருபுறமும் நாலு விரல் இடம்தான். வண்டி அதில் ஏறிவிட்டால் கதவு திறக்காது. மேலே தளத்துக்கும் வண்டிக் கூரைக்கும் நடுவே ஒரு பூனை நுழையலாம்.

லாரியில் கயிறு சுற்றுகிற வின்ச்சை ஓட்டினேன். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

பாதிச் சரிவில் நின்றது.

கயிறு முறுக்கேறி முனகியது. லாரியின் பின்பக்கம் அமுங்கியது. வின்ச்சை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து, பிரேக்கை விடு மாப்ளே, கல்யாண ஊர்வலமா போறே என்றேன்.

"நான் மிதிக்கலை அத்தான்."

துரு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வழுக்கி வந்த சக்கரத்தில் ஏது துரு? காலை நன்றாகப் பார் என்றேன்.

"ஹவ் அத்தான், பார்த்துட்டேன், ரெண்டு காலும் தரை மேட் மேலதான் இருக்கு." கண்ணாடிக்குள்ளிருந்து அவன் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல வந்தது. "பெடல் கீழ போயிருக்கு. தானா அமுங்கியிருக்கு."

கேலிக்குப் பதில் கேலி சொல்கிறவன் அவன். அப்போது சொல்லவில்லை.

சரிவில் புகை நாற்றம் அடித்தது. என் லாரி தெருவில் அணைந்துதான் கிடந்தது.

"அத்தான். ஏசி ஓடுது."

பேட்டரி இல்லாத வண்டி.

"சில்லுனு வருது. கண்ணாடியை இறக்கவும் முடியலை." அவன் கையால் கண்ணாடியைத் தட்டினான். அப்புறம் இன்னும் மெதுவாகத் தட்டினான். "தூக்கமா வருது, அத்தான்."

கீறலாவது மண்ணாவது என்று கம்பியை எடுத்துக்கொண்டு பானெட் மேல் ஏறினேன். விறைத்த கயிற்றுக்கு நேரே போகக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். அது உடைந்து விழவில்லை. வெள்ளையாகச் சிலந்தி வலை படர்ந்து, உள்ளே தியாகு மறைந்துபோனான். மறுபடி அடித்தேன். வலை இன்னும் கெட்டியானது.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

என் வாழ்க்கையில் பேரம் பேச எதிரில் முகம் இல்லாமல் நின்றது அப்போதுதான். யாரிடம் கேட்பது? எவ்வளவு என்று கேட்பது? இருந்தும் வாய் தானாகப் பேசியது. வண்டியை எடுக்கவில்லை, இங்கேயே விட்டுவிடுகிறேன், அவனை மட்டும் கொடுத்துவிடு என்றேன். உள்ளே ஏசி இரைந்துகொண்டிருந்தது.

அப்போது சரிவின் அடியில், காருக்குப் பின்னால், புடவை தெரிந்தது. பட்டு மாமி உள்படிக்கட்டு வழியாகச் செல்லாருக்கு இறங்கியிருந்தார். கயிறு அறுந்தால் முதலில் நசுங்குவது அவர்தான். தள்ளிப் போங்க மாமி என்று கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வண்டியின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"மாதவ். அந்தப் பிள்ளையை விடுடா. அவனுக்கும் அம்மா இருப்பா."

ஏசி இரைச்சல் ஓயவில்லை.

"தனியா இருக்க வேண்டாம். நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். காலை எடு."

கயிறு ஒருமுறை அதிர்ந்தது.

"இழுக்காதீங்கோ," என்று மாமி மேலே பார்த்துச் சொன்னார். "கீழ விடுங்கோ. அவன் வந்துடுவான்."

பானெட்டிலிருந்து குதித்து லாரிக்கு ஓடி, வின்ச்சைத் திருப்பி, கயிற்றை விரல் விரலாக விட்டேன். மாமி விலகி வழிவிட்டார். கார் பின்னோக்கி இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ளே விழித்திருந்த ஆள் யாரும் இல்லை. சுவர் எங்கும் உரசாமல் இறங்கி, வளைந்து, தன் மூலையில் போய் நின்றது. இத்தனை வருஷத் தொழிலில் நான் அவ்வளவு சுத்தமாக ஒரு வண்டியை நிறுத்தியதில்லை.

சரிவில் ஓடி இறங்கி இழுத்தேன், கதவு திறந்தது. தியாகுவை வெளியே இழுத்துப் போட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே தூக்கிப்போய் வெயிலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்ததும் இருமினான். வெங்கடராமன் சார் பர்ஸைத் திறந்தார். நான் பணம் வாங்காமல் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் மழை தொடங்கிய பிறகு அவர் போன் செய்தார். இந்த முறை பேரம் இல்லை. "அவ ராத்திரிகூட மேல வரமாட்டேங்கறா. நீங்க வந்து சொன்னா கேப்பாளோ என்னமோ."

போனேன். தியாகு என்னோடு வர மறுத்துவிட்டான். பகல்தான், ஆனாலும் செல்லாரில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கார் அதே மூலையில் நின்றது, முன்கண்ணாடியில் அதே வெள்ளை வலையோடு, தூசி துடைத்துச் சுத்தமாக. எல்லாக் கதவுகளும் உள்ளிருந்து பூட்டியிருந்தன. இடது சீட்டில் மாமி சால்வை போர்த்திக்கொண்டு, ஸ்டியரிங் பக்கம் திரும்பி, மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தட்டினேன். திரும்பவில்லை.

அவர் பக்கத்துக் கண்ணாடியில் மூச்சு வெள்ளையாகப் படர்ந்து சுருங்கியது. நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தேன்.

ஸ்டியரிங் பக்கத்துக் கண்ணாடியிலும் ஒரு வெள்ளை படர்ந்தது. சுருங்கியது. தூங்குகிறவனுக்கு வருவதுபோல, நிதானமாக மறுபடி படர்ந்தது.

உள்ளே ஆள் ஒன்று. மூச்சு இரண்டு.