குடம் குடமாகக் குடித்த குழி

போன் அடித்தது.

மண்ணுக்கு அடியில்!

ஜோவிதா கட் செய்தாள். சத்தம் நின்றது. மறுபடி அதே நம்பரைப் போட்டாள். குழிக்குள்ளிருந்து மறுபடி...

"ஐயோ...!"

துடியலூர் தாண்டி, பாதாள சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத மேட்டுக்காடு அது. பெயர் 'அரங்கா லேக் வ்யூ கார்டன்'. லேக்கும் இல்லை, வ்யூவும் இல்லை. அறுபது சைட், அறுபது மஞ்சள் கல்!

இங்கே வீடு கட்டினால் செப்டிக் டேங்க்தான் கதி. அதன் தண்ணீரை மண் உறிஞ்சுமா என்று சோதித்து எழுதித் தருவது ஜோவிதாவின் வேலை. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் லோன் கிடையாது என்று பேங்க் கறாராகச் சொல்லிவிட்டது. பதினோரு மணிக்கு வேன் நிறைய ஆள் வருகிறது, சைட் வாங்க.

நேற்று குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டுப் போயிருந்தாள். இன்று வந்து பார்த்தால் குழி காலி. ஒரு குடம் ஊற்றினாள்.

மடக்!

இன்னொரு குடம்.

மடக்... மடக்!

"பாத்தீங்களா அம்மணி, எங்க மண்ணு குடிக்கற அழக!" என்றார் புரமோட்டர் அரங்கசாமி. வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையாகச் சிரிப்பு. "கையெழுத்தப் போடுங்க."

"நேத்து சுக்காம்பாறைங்க இது. கடப்பாறையே எறங்கல. இன்னைக்கு எப்படிங்க?"

"மண்ணுக்கும் மனசு மாறுமுங்க!"

ஜோவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று கூடவே நின்ற சைட் மேனேஜர் வின்ஸ்டனைக் கேட்டுவிடலாம் என்றுதான் போன் போட்டாள். அதுதான் குழிக்குள் அடித்தது.

போலீஸுக்குச் சொன்னாள். அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா. விலங்கு மாட்டும்போதும் 'ங்க' போட மறக்காத கோயமுத்தூர்க்காரர்.

"வின்ஸ்டன் எங்கீங்க?"

"சோமனூருக்குங்க மேடம். பார்ட்டிங்களக் கூட்டியாரப் போயிருக்காரு."

"போன மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சுட்டுங்களா?"

அரங்கசாமியின் சிரிப்பு அணைந்தது.

"தோண்டுங்கய்யா!"

"வேண்டாமுங்க! தோண்டாதீங்க!"

"ஏனுங்க?"

அரங்கசாமி வாட்சைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"நான்தானுங்க... வின்ஸ்டனக் கொன்னுபோட்டேன்!"

ஜோவிதா கையிலிருந்த குடம் நழுவியது.

"இப்பத்தானுங்களே சோமனூர்ல இருக்காருன்னீங்க?"

"கொன்னுபோட்டுத்தானுங்க அப்படிச் சொன்னேன். அதான் ஒத்துக்கிட்டேனுங்களே... போலாமுங்களா?"

"பாடிய எடுக்கோணுமுங்களே!"

"பாடி இங்க இல்லீங்க! வேற... வேற எடமுங்க!"

சர்வீஸில் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்தவர் சண்முகப்ரியா. இப்படி அவசரமாக ஜீப்பில் ஏறத் துடித்தவனைப் பார்த்ததில்லை.

"தோண்டுங்க!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள். ஒரு அடி... இரண்டு அடி...

ணங்!

கையும் இல்லை, காலும் இல்லை. ஒரு ஈரச் சாக்கு. அதன் ஓரத்தில், இத்தனை குளித்தும் உயிரோடு ஒரு போன். சாக்கை விலக்கினால்... ஆறரை இஞ்ச் பைப்பின் வாய்!

ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகையைக் கக்கிவிட்டுச் செத்துப்போன பழைய போர்வெல்.

"அடப்பாவி!" ஜோவிதா கத்தினாள். ஆத்திரம்! "என் குழிய மூடிட்டு, பத்தடி தள்ளி இது மேல புதுக்குழி போட்டிருக்கீங்களா? ஆயிரம் அடி ஓட்டை குடிக்காம என்னங்க பண்ணும்! நான் கையெழுத்துப் போட்டிருந்தா, அறுபது ஊட்டுக் கக்கூஸ் தண்ணியும் வாசல்ல நின்னிருக்குமுங்களே!"

"மெதுவாப் பேசுங்க அம்மணி... வேன் வர்ற நேரமுங்க..."

வந்தேவிட்டது. முன் சீட்டிலிருந்து குதித்து ஓடி வந்தான், கொலையுண்ட வின்ஸ்டன்!

"அண்ணா! என் போனுங்களா அது? நேத்து போர் வாய்ல சாக்கு வெக்கறப்பத்தான் நழுவியிருக்கோணும்னு நெனச்சேனுங்க... கரெக்டாப் போச்சு!"

வேன் ஜன்னல்களில் இருபது தலைகள். அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஜோவிதா காகிதத்தை எடுத்தாள். 'தகுதியற்ற மண்' என்று எழுதி, இப்போது கையெழுத்துப் போட்டாள். அழுத்தமாக.

வேன் ரிவர்ஸ் எடுத்தது.

சண்முகப்ரியா அரங்கசாமியின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க... செய்யாத கொலைய எதுக்குங்க செஞ்சேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

தூசி கிளப்பிக்கொண்டு போகும் வேனையே பார்த்தபடி சொன்னார் அரங்கசாமி.

"கொலைக்குக்கூட ஜாமீன் கெடைக்குமுங்க மேடம்... தண்ணி எறங்காத சைட்டுக்கு லோன் கெடைக்குமாங்க?"