கடைசி வரி வரை படித்தவர்கள்

காலை 9.40. குடோனில் பெட்டி அடுக்குகள் முடியும் திருப்பத்தில் ஸ்டோர்கீப்பர் செத்துக் கிடந்தார். அவர் மீது மோதிய, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பக்கத்திலேயே நின்றது. ஓட்டியவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

கொலைதான் என்று குடோனே முடிவு கட்டிவிட்டது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு மட்டும், சுலபமாகக் கிடைக்கும் எதையும் நம்பாத பிடிவாதம்.

"பாத்து ஓட்டலையா?"

"பாத்துத்தான் ஓட்டினேன் மேடம். அண்ணன் அங்க இல்லவே இல்ல. அலறல் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

"புளுகு" என்றார் சூப்பர்வைசர். "போன மாசம் இங்க கண் பரிசோதனை வச்சாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போர்டுல கடைசி வரி வரைக்கும் மடமடன்னு படிச்சாங்க."

"வேற என்ன பாத்தாங்க?"

"கண் அழுத்தம் பாக்க ஒரு மெஷின் இருந்துச்சு. கடைசி வரி படிச்சவங்களை நான்தான் நேரா வேலைக்கு அனுப்பிட்டேன். நல்ல கண்ணுக்கு எதுக்கு அதெல்லாம்? வாசல்ல லாரி வேற நின்னுச்சு."

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் கீறலும் நசுங்கலும். முன்பக்கம் மட்டும் புதுசு போல இருந்தது. பிணவறை டாக்டர், செத்தவரின் இரண்டு தோளிலும் பழைய கன்றிப்போன தடங்கள் இருப்பதாகச் சொன்னார். கதவு நிலையில் இடித்துக்கொண்டது போல.

செத்தவரின் மனைவி, தம்பிக்கு அண்ணி, அழக்கூட இல்லை. ஆத்திரம் அழுகையை அடைத்திருந்தது.

"என்ன சண்டைம்மா?"

"சொத்தா, பத்தா? கடைத்தெருவுல இவர் பக்கத்துலயே நின்னிருக்கார். கொழுந்தன் கண்டுக்காமப் போயிட்டான். கேட்டா, அண்ணன்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்ங்கறான். ரெண்டுக்கும் ரோஷம். மாமியார் இருந்தா சேத்து வச்சிருப்பாங்க. அவங்களும் கடைசியில கண்ணு தெரியாமக் கிடந்து போய்ச் சேந்துட்டாங்க."

ஸ்டேஷனுக்குத் திரும்பிய இன்ஸ்பெக்டர், அங்கே உட்கார வைத்திருந்த தம்பியின் இடது கைப்பக்கம் ஒரு டீயைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"டீ ஆறுது."

அவன் நேரே மேஜையைப் பார்த்தான். "எங்க மேடம்?"

பிறகு அவனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். செத்தவரின் கண்களையும் பார்க்கச் சொன்னார்.

மாலை. ஸ்டேஷனில் அண்ணியும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொலை இல்ல, ரெண்டு பேருக்கும் கிளாக்கோமா" என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துடும். பெரும்பாலும் வலிகூட இருக்காது. ஓரப் பார்வை முதல்ல போகும், நடுப்பார்வை ரொம்ப நாள் நிக்கும். அதனாலதான் போர்டைப் படிக்க முடிஞ்சது. குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கும் இதுதான் இருந்திருக்கணும். திருப்பத்துல அண்ணன் பக்கவாட்டுல வந்திருக்கார். வண்டியை அவரும் பாக்கல, அவரை இவனும் பாக்கல."

"அப்போ குற்றவாளி யாரும் இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"மெஷின்ல உக்கார வேண்டியவங்களை நீங்க உக்கார விடாம அனுப்பினீங்க. உங்களைப் பிடிச்சு உள்ள வைக்க எனக்கு ஒரு சட்டம் தெரியல."

அண்ணி கேட்டாள். "கடைத்தெருவுல?"

"அங்கயும் அப்படித்தாம்மா. ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல."

"சண்டையே இல்லையா, அப்போ?"

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார்.

"அவன் கண்ணு?"

"சொட்டு மருந்து போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்ங்கறாங்க. போனது வராது."

அண்ணி வெளியே வந்து வாசலோரம் நின்றாள். யாரையாவது வெறுத்தால்தான் இன்று ராத்திரியைத் தாண்ட முடியும் என்றிருந்தது. வெறுக்கவும் இப்போது ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கொழுந்தனை வெளியே விட்டார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவள் நின்றாள். கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் அவன் நேரே பார்த்தபடி அவளைக் கடந்து தெருவுக்குப் போனான்.