லைன் இல்லாத காத்தாடி

வோல்ட் மீட்டரின் முள் அசைந்தது.

கௌதமன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். பல்லடம் தாண்டிச் சோளக்காட்டு நடுவே நிற்கும், காற்றில் மின்சாரம் எடுக்கும் பழைய காத்தாடி அது. அதன் இரும்புத் தூணுக்குள், பேனல் முன்னால், பிளாஸ்டிக் ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருக்க, கிரீஸ் நாற்றமும் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த இரும்பின் வாடையும் எங்கோ செத்துக்கிடந்த பல்லியின் நாற்றமும் ஒன்றாய்ச் சேர்ந்து தொண்டையைக் கமறவைத்தன. பிரேக்கரை மதியமே தன் கையால் இறக்கியிருந்தான். வெளியிலிருந்து வரும் மின்சார லைன் கிடையாது. காற்றும் கிடையாது, புரட்டாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வாயை மூடிக்கொண்டது, வெளியே அந்திவெளிச்சத்தில் ஒரு சோளத்தாள்கூட ஆடவில்லை. மூன்று இறக்கைகளையும் பிரேக் பிடித்து வைத்திருந்தது.

பிறகு முள் எதற்கு அசைய வேண்டும்?

உச்சியில், ஜெனரேட்டர் இருக்கும் பெட்டிக்குள் ஷாஹுல் இருந்தான். தளர்ந்த கேபிளை இறுக்கிவிட்டு வரும் வேலை. நியாயமாக ஏற வேண்டியவன் கௌதமன். முட்டி வலி என்று முனகியதும், உட்காருங்கண்ணா என்று சொல்லிவிட்டு ஷாஹுல் ஏறிவிட்டான். கோட்டைமேட்டுக்காரன், இந்த வருடம்தான் கல்யாணமானவன். கேட்பதற்கு முன்னால் உதவிக்கு வந்து நிற்கும் குணம்.

இது இண்டக்ஷன் ஜெனரேட்டர். தானாக எதையும் பிறப்பிக்காது. லைனிலிருந்து முதலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டால்தான் உள்ளே காந்தம் எழும், அப்புறம்தான் கொடுக்கும். வாங்க வழியில்லாவிட்டால் வெறும் இரும்பு. அந்த நம்பிக்கையில்தான் ஒருவன் அதற்குள் கைவிட்டு வேலை செய்ய முடிகிறது.

கெபாசிட்டரில் மிச்ச மின்சாரம் தேங்கியிருக்கும் என்று கௌதமன் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் தேங்கியது வடிய வேண்டும். இது ஏறியது. ஒரு துடிப்பு, ஓர் ஏற்றம். மறுபடி ஒரு துடிப்பு. கையுறை மாட்டிக் கெபாசிட்டர் பியூஸ்களைப் பிடுங்கித் தரையில் போட்டான். முள் நிற்கவில்லை. தூணின் இரும்புக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பி, செருப்பு வழியாக ஏறி, அவன் பல்லைக் கூசவைத்தது.

போன் செய்தான். ஸ்பீக்கரில் ஷாஹுலின் மூச்சு கேட்டது.

"அண்ணா, எதையாச்சும் போட்டீங்களா? இங்க சத்தம் வருதுங்க."

"ஒண்ணும் போடலை. கையை எடு கண்ணு. எறங்கி வந்துரு."

மேலே பூட்ஸ் உதைத்து இழுக்கும் சத்தம் கேட்டது.

"கை வரமாட்டேங்குதுங்கண்ணா. வலியும் இல்லீங்க. உறிஞ்சறாப்பல இருக்குதுங்க."

முள்ளின் துடிப்பும் போனில் கேட்ட மூச்சும் ஒன்றாக விழுவதை அப்போதுதான் கௌதமன் கவனித்தான். லைன் கிடைக்காத காத்தாடி வேறொன்றிடம் வாங்கிக்கொண்டிருந்தது.

பிரேக்கரை ஏற்றினால் அது லைனிடம் வாங்கிக்கொள்ளும், ஷாஹுலை விட்டுவிடும். ஆனால் லைனின் நானூறு வோல்ட்டும் நேராக ஷாஹுலின் கையில் போய் இறங்கும். ஏற்றாவிட்டால் அவனையே குடித்துத் தீர்க்கும். கௌதமன் பிரேக்கரின் கைப்பிடியைப் பற்றினான். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. முட்டி வலி என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"லைனைப் போடுங்கண்ணா." குரல் நூலாய் மெலிந்திருந்தது. "போட்டுருங்க."

போடவில்லை. முடியவில்லை.

முள் முந்நூறைத் தாண்டியது. முந்நூற்றைம்பது. மூச்சு தேய்ந்தது. நானூறு. மூச்சு இல்லை.

ரீங்காரம் சட்டென்று அடங்கியது.

ஏணியில் பூட்ஸ் சத்தம்.

இறங்குகிறான். இறங்கிவிட்டான். கௌதமனுக்கு அழுகையே வந்துவிட்டது. கைப்பிடியை விடாமல் அண்ணாந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டான். பூட்ஸ் மட்டும். ஒவ்வொரு படியாக. அவசரமே இல்லாமல்.

இருட்டுக்குள் மேலே ஒரு பல்பு எரிந்தது.

பிரேக்கர் இறங்கியே இருந்தது. லைன் இல்லை. இருந்தும் எரிந்தது. பூட்ஸ் அதைக் கடந்ததும் அணைந்தது. அடுத்த பல்பு எரிந்தது. அதுவும் அணைந்தது. அடுத்தது. இன்னும் கீழே. தலைக்கு மேலே.

கடைசிப் படியில் ஷாஹுல் நின்றான். அதே நீலச் சட்டை. அதே முகம். அந்தப் புழுக்கத்தில் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. விரல் நுனிகள் கருகியிருந்தன. கௌதமனைப் பார்த்து அன்பாகச் சிரித்தான்.

"கை குடுங்கண்ணா."

கௌதமன் பின்னால் நகர்ந்தான். முதுகில் பேனல் இடித்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

விரல்கள் ஒவ்வொன்றாக அதை விட்டன. அவனாக விடவில்லை. கை தானாக உயர்ந்தது. தானாக விரிந்தது. நீண்டிருந்த அந்தக் கருகிய விரல்களை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.